கேம்பர் வேன் சோலார்: 200 வாட் பேனல், 150 ஆம்ப்-அவர் பேட்டரி, மூன்றாம் நாள் விடியலில் ஃப்ரிட்ஜ் நின்றுபோகிறது

திருநகர் வேன்:

வணக்கம். டிராவலர் வண்டியை கேம்பராக மாற்றியிருக்கிறோம். ஆர்டிஓ அனுமதி, ஆர்சி மாற்றம் எல்லாம் முடிந்தது. இப்போது இருக்கிற சோலார் அமைப்பு இது:

கூரையில் 200 வாட் 12 வோல்ட் பேனல் ஒன்று (பின்பக்க ஸ்டிக்கரில் 18.2 வோல்ட், 11 ஆம்ப்; எதனோடும் கோக்காதபோது, அதாவது ஓப்பன் சர்க்யூட், 22 வோல்ட்). 20 ஆம்ப் பிடபிள்யூஎம் சார்ஜ் கன்ட்ரோலர், டிரைவர் சீட்டுக்கு மேலே. பின்னால் கட்டிலுக்கு அடியில் 150 ஆம்ப்-அவர் டியூபுலர் பேட்டரி, தண்ணீர் ஊற்றுகிற வகை. கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு 6 மீட்டர், 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர்.

லோடு: 45 லிட்டர் 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் (சிகரெட் லைட்டர் சாக்கெட்டில்), 14 வாட் ஃபேன் இரண்டு, எல்இடி லைட், தண்ணீர் பம்ப், நாலு மொபைல். லேப்டாப்புக்காக ஒரு சின்ன வீட்டு இன்வெர்ட்டர்.

வெயிலில்தான் நிறுத்துகிறோம். கிளம்பும்போது பேட்டரி ஃபுல். ஆனால் மூன்றாம் நாள் விடியற்காலையில் ஃப்ரிட்ஜ் தானாக நின்றுவிடுகிறது. பேட்டரியை மாற்றணுமா, பேனலைக் கூட்டணுமா? இரவில் ஒரு டன் ஏசி ஓட்ட வழி உண்டா?

நாகமலை எலக்ட்ரீஷியன்:

ஏசியை முதலில் முடிச்சிடலாம் தம்பி. ஒரு ராத்திரிக்கு 4, 5 யூனிட் கேட்கும். கூரை முழுக்க பேனல் போட்டாலும் இந்தப் பேட்டரியில் நடக்காது. தங்குற இடத்தில் 15 ஆம்ப் பிளக் கிடைச்சா ஏசி, இல்லேன்னா ஃபேன்.

இப்ப கணக்குக்கு வருவோம். எல்லாத்தையும் ஆம்ப்-அவரில் (ஆம்பை மணி நேரத்தால் பெருக்கினது) போட்டாத்தான் பேட்டரியோட நிலைமை புரியும்.

செலவு: ஃப்ரிட்ஜ் ஓடும்போது 45 வாட் இழுக்கும். மதுரை வெயிலில் வண்டிக்குள்ள 40 டிகிரி இருக்கும்போது கம்ப்ரசர் பாதி நேரத்துக்கு மேல ஓடும். ஒரு நாளைக்கு 600 வாட்-அவர், 12.5 வோல்ட்டால் வகுத்தா 48 ஆம்ப்-அவர். ரெண்டு ஃபேன் 9 மணி நேரத்துக்கு 20. லைட், பம்ப், மொபைல் சேர்த்து 10. மொத்தம் 78.

வரவு: பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் பேனலை நேரா பேட்டரியோட கோத்து விடுற சுவிட்ச் மாதிரிதான். பேனல் 18 வோல்ட்டில் 11 ஆம்ப் தரும், பேட்டரி 13.5 வோல்ட்டில் இருந்தா அதே 11 ஆம்ப்தான் உள்ளே போகும். அதாவது 200 வாட் பேனலிலிருந்து 148 வாட். மீதி உங்களுக்கு வர்றதே இல்லை. நம்ம ஊரில் முழு வெயில் கணக்கு ஒரு நாளைக்கு சுமார் 5 மணி நேரம். 11 × 5 = 55, தூசிக்கும் வயருக்கும் 10 சதவீதம் கழிச்சா 50. லெட்-ஆசிட் பேட்டரி வாங்குறதில் 85 சதவீதம்தான் திருப்பித் தரும். கையில் நிக்கிறது 42.

ஆக, தினமும் 36 ஆம்ப்-அவர் பள்ளம். மழை இல்லாமலேயே இந்த நிலை. ஐப்பசி, கார்த்திகை மேகத்தில் வரவு பாதியாகும்.

ஆனா ஒண்ணு இடிக்குது. 150-இல் ரெண்டு நாளைக்கு 72 போனாலும் மூணாம் நாள் விடியலில் பாதி பேட்டரி மிச்சம் இருக்கணும். அப்ப ஃப்ரிட்ஜ் நிக்கக் கூடாது. கணக்கில் வராத ஏதோ ஒண்ணு கரண்டைத் தின்னுது. புது சாமான் வாங்குறதுக்கு முன்னாடி அதைக் கண்டுபிடிங்க.

டங் டெஸ்டர்:

அந்த "ஏதோ ஒண்ணு" இன்வெர்ட்டர்தான் என்பது என் சந்தேகம். லேப்டாப் செருகியிருக்கோ இல்லையோ, சுவிட்ச் ஆனில் இருந்தாலே வீட்டு இன்வெர்ட்டர் 1 ஆம்ப், சில மாடலில் ஒன்றரை ஆம்ப்கூட இழுக்கும். 24 மணி நேரத்துக்கு 24 ஆம்ப்-அவர். அண்ணன் சொன்ன 36-உடன் இதைச் சேர்த்தால் தினம் 60 பள்ளம். மூன்றாம் நாள் விடியலில் 30 ஆம்ப்-அவர்தான் மிஞ்சும், வோல்டேஜ் 11.9-க்குக் கீழே போயிருக்கும். நீங்கள் சொல்கிற நேரத்தோடு அப்படியே பொருந்துகிறது.

டிசி டங் டெஸ்டர் (வயரைச் சுற்றிக் கவ்வி ஆம்ப் காட்டும் மீட்டர்) ஒன்று வாங்குங்கள்; ஏசி கரண்டை மட்டும் காட்டுகிற டெஸ்டர் இங்கே உதவாது. பேட்டரி மைனஸ் வயரில் மாட்டி, ஒவ்வொரு லோடாக ஆஃப் செய்து பாருங்கள். எல்லாம் ஆஃப் என்றால் 0.1 ஆம்புக்குக் கீழே இருக்க வேண்டும். லேப்டாப்புக்கு இன்வெர்ட்டரே வேண்டாம். 12 வோல்ட்டில் வேலை செய்யும் 65 வாட் யூஎஸ்பி-சி சார்ஜர் போதும்.

இரண்டாவது, ஃப்ரிட்ஜ் வயர். சிகரெட் லைட்டர் சாக்கெட் ஃப்ரிட்ஜுக்கானது அல்ல. நடுவில் இருக்கிற ஸ்பிரிங் பின், வண்டி குலுங்கக் குலுங்கத் தளர்ந்து சூடேறும். பிளாஸ்டிக் பழுப்பாகியிருக்கிறதா பாருங்கள். சாக்கெட்டுக்குப் பொதுவாக வருவது 2.5 ஸ்கொயர் வயர். 5 மீட்டர் தூரம் என்றால் போக வர 10 மீட்டர், 5 ஆம்ப் ஓடும்போது வயரில் 0.4 வோல்ட், சாக்கெட்டில் இன்னொரு 0.2, 0.3 போகும். பேட்டரியில் 12.3 இருந்தாலும் ஃப்ரிட்ஜுக்குத் தெரிவது 11.6. கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகிற நொடியில் இன்னும் கீழே. ஃப்ரிட்ஜில் இருக்கிற பேட்டரி பாதுகாப்பு "ஹை"யில் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடும்.

பேட்டரியிலிருந்து ஃப்ரிட்ஜுக்குத் தனியாக 6 ஸ்கொயர் இழுத்து, பேட்டரி பக்கம் 15 ஆம்ப் பிளேடு ஃபியூஸ் போட்டு, ஸ்க்ரூ டெர்மினலில் நேராக முடுக்குங்கள். அதன் பிறகு பாதுகாப்பை "மீடியம்" வையுங்கள்.

இன்னும் மூன்று அளவுகள் எடுத்துப் போடுங்கள். நடுப்பகலில் கன்ட்ரோலர் டெர்மினலில் வோல்ட், அதே நேரத்தில் பேட்டரி டெர்மினலில் வோல்ட், பிறகு ஆறு செல்லிலும் ஹைட்ரோமீட்டர் ரீடிங் (ஆசிட்டின் அடர்த்தி). தண்ணீர் ஊற்றின உடனே ஹைட்ரோமீட்டர் வைக்காதீர்கள், மேலே நிற்கிற தண்ணீரைத்தான் அது காட்டும்.

திருநகர் வேன்:

நன்றி அண்ணே. இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே 1.1 ஆம்ப் காட்டியது. ஆஃப் பண்ணிவிட்டோம். சாக்கெட்டில் ஸ்பிரிங் பின் இருக்கிற பக்கம் பழுப்பாகித்தான் இருக்கிறது.

நடுப்பகல் 12.30-க்கு கன்ட்ரோலரில் 13.7 வோல்ட், 9.6 ஆம்ப். அதே நேரம் பேட்டரியில் 13.1. ஹைட்ரோமீட்டரில் ஐந்து செல் 1.220, ஒரு செல் மட்டும் 1.180.

இதற்கு லித்தியமே வாங்கிவிடலாமா? அப்புறம், ஊரில் இருக்கும்போது வண்டி வாரக்கணக்கில் தகர ஷெட்டுக்குள் நிற்கும். அப்போது பேட்டரிகளை என்ன செய்வது?

நாகமலை எலக்ட்ரீஷியன்:

கன்ட்ரோலரில் 13.7, பேட்டரியில் 13.1. அந்த 0.6 வோல்ட் முழுக்க உங்க 4 ஸ்கொயர் வயரில்தான் போகுது. போக வர 12 மீட்டர், 9.6 ஆம்ப், கணக்குப் போட்டாலும் அதேதான் வருது, ஜாயின்ட் எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம். கன்ட்ரோலர் தன் கால்மாட்டில் தெரியுற வோல்ட்டைத்தான் பேட்டரி வோல்ட்டுன்னு நினைக்கும். 14.4 வந்துடுச்சுன்னு அது கரண்டைக் குறைக்க ஆரம்பிக்கும்போது பேட்டரிக்கு 14-கூட எட்டியிருக்காது. சாயங்காலம் பச்சை லைட் எரியும், பேட்டரி நிறைஞ்சிருக்காது. ஒரு செல் பின்தங்கினதுக்குக் காரணமும் இந்தத் தினசரி அரைகுறை சார்ஜ்தான்.

அதனால கன்ட்ரோலர் இருக்க வேண்டிய இடம் பேட்டரிக்குப் பக்கத்தில். அரை மீட்டர், ஒரு மீட்டர், அவ்வளவுதான். தூரம் எல்லாம் பேனல் பக்கத்தில் இருக்கட்டும்.

இப்ப என்ன வாங்கணும்? இதே ஸ்பெக்கில் இன்னொரு 200 வாட் பேனல், 30 ஆம்ப் எம்பிபிடி கன்ட்ரோலர் (பேனலோட கூடுதல் வோல்ட்டையும் ஆம்பா மாத்தித் தர்றது; 100/30-ன்னு போட்டிருக்கும்: பேனல் பக்கம் 100 வோல்ட் வரை தாங்கும், பேட்டரி பக்கம் 30 ஆம்ப்). ரெண்டு பேனலையும் சீரிஸில் (ஒண்ணோட பிளஸ் அடுத்ததோட மைனஸில்) கோத்து விடுங்க. பேரலல் வேண்டாம். இதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லணும், ஏன்னா குளிர் நாட்டுக்காரங்க எழுதுற பக்கங்களில் இது வராது.

பேனல் ஸ்டிக்கரில் இருக்கிற 18 வோல்ட், செல் 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்த அளவு. இங்கே சித்திரை, வைகாசியில் கூரை மேல இருக்கிற பேனல் 65 டிகிரியைச் சாதாரணமாத் தொடும். அப்ப 18 வோல்ட் 15.5 அளவுக்கு இறங்கும். ஓப்பன் சர்க்யூட் 22-ம் 19.4 ஆகும். எம்பிபிடி வேலையைத் தொடங்க, பேட்டரியை விட பேனல் வோல்ட் அதிகமா இருக்கணும். விக்ட்ரான் மாதிரி கன்ட்ரோலருக்குத் தொடங்க 5 வோல்ட், தொடர்ந்து ஓட 1 வோல்ட் கூடுதல் வேணும். பேட்டரி 14.4-க்கு ஏறும் நேரத்தில் 15.5 வோல்ட் பேனலில், வயரில் போனது போக என்ன மிஞ்சும்? சரியா நடுப்பகலில், நல்ல வெயிலில், சார்ஜ் தள்ளாடும். ஒத்தை 12 வோல்ட் பேனலுக்கு எம்பிபிடி போட்டுட்டு "ஒண்ணும் கூடலையே"ன்னு சொல்றவங்க நிலைமை இதுதான். சீரிஸில் 36 வோல்ட், சூட்டில் 31. தாராளம். கொடைக்கானல் குளிரில் ஓப்பன் சர்க்யூட் 46 வரை போகலாம், 100-க்கு ரொம்பக் கீழே. கூரையிலிருந்து வர்ற கரண்டும் 11 ஆம்ப்தான், 6 ஸ்கொயர் சோலார் வயர் போதும்.

வரவு: 400 வாட் × 5 மணி × 0.75 = 1500 வாட்-அவர், 13.5 வோல்ட்டில் 111 ஆம்ப்-அவர், பேட்டரி கழிவு போக 94. செலவு 78. இப்ப நிலைக்கும்.

செட்டிங்: அப்சார்ப்ஷன் (நிறையுற கட்டத்து வோல்ட்) 14.4, ஃப்ளோட் (நிறைஞ்ச பிறகு நிக்கிற வோல்ட்) 13.6, சார்ஜ் கரண்ட் 25 ஆம்ப் மேல போக வேண்டாம். டெம்பரேச்சர் காம்பன்சேஷன் (சூடு ஏற ஏற வோல்ட்டைக் குறைக்கிறது) 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் மைனஸ் 24 மில்லிவோல்ட். பேட்டரி 40 டிகிரியில் இருந்தா 14.4 தானா 14.04 ஆகும். இது இல்லாத கன்ட்ரோலர் கோடையில் தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிச்சிடும்.

மாட்டும்போது வரிசை முக்கியம். பேட்டரியை முதலில், பேனலைக் கடைசியில். கழட்டும்போது பேனல் முதலில். பேட்டரியிலிருந்து கன்ட்ரோலருக்கு 10 ஸ்கொயர், பேட்டரி பிளஸ்ஸை ஒட்டி 40 ஆம்ப் ஃபியூஸ். பேனல் பக்கம் டிசி-க்குன்னு போட்டிருக்கிற ரெண்டு போல் ஐசொலேட்டர் (பிளஸ், மைனஸ் ரெண்டையும் துண்டிக்கிற சுவிட்ச்). வீட்டு ஏசி கரண்டுக்கான எம்சிபி-யை அங்கே போட்டா ஆஃப் பண்ணும்போது உள்ளே தீப்பொறி அணையாம நிக்கும், உருகிடும்.

அந்த 1.180 செல்லை இன்னும் கைவிட வேண்டாம். வெளியில் வெச்சு மெயின்ஸ் சார்ஜரில் ஈக்வலைஸ் (எல்லா செல்லும் சமமா வர்றதுக்கு வேணும்னே கூடுதல் சார்ஜ்) பண்ணுங்க: 15 முதல் 15.5 வோல்ட், 6, 7 ஆம்ப், மணிக்கொரு தடவை ஹைட்ரோமீட்டர். ஃப்ரிட்ஜ், லைட், ஃபேன் எல்லாத்தையும் கழட்டிட்டுப் பண்ணணும், 15.5 வோல்ட் அதுக்கெல்லாம் ஆகாது. பேட்டரி 45 டிகிரி தாண்டினா நிறுத்தி ஆற விடுங்க. ஆறு செல்லும் 1.240-ஐ ஒட்டி வந்தா பேட்டரி பிழைச்சது. அந்த ஒண்ணு மட்டும் 0.030 பின்தங்கியே நின்னா மாத்துங்க.

மேலூர் லித்தியம்:

பேட்டரியை மாற்றுகிற நிலை வந்தால் மறுபடி டியூபுலர் வேண்டாம். அண்ணன் சொன்ன மற்றதெல்லாம் சரி. ஆனால் கட்டிலுக்கு அடியில் தண்ணீர் ஊற்றும் பேட்டரி என்பது எனக்கு உடன்பாடில்லை. சார்ஜின் கடைசிக் கட்டத்தில் ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். அங்கேதான் படுக்கிறீர்கள். அது இருக்கிற வரைக்கும் மூடியோடு ஒரு பெட்டி, பெட்டியின் மேல்மட்டத்திலிருந்து வண்டிக்கு வெளியே ஒரு குழாய், கீழே காற்று உள்ளே வர ஒரு துளை. இதைச் செய்யாமல் இரவு தங்க வேண்டாம். ஈக்வலைஸ் வண்டிக்குள் கூடவே கூடாது.

லித்தியம் என்றால் 100 ஆம்ப்-அவர் 12.8 வோல்ட் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்), 100 ஆம்ப் பிஎம்எஸ் (செல்களைக் காக்கும் எலக்ட்ரானிக் போர்டு). 1280 வாட்-அவரில் 90 சதவீதம் எடுக்கலாம். 150 டியூபுலரில் பாதிக்கு மேல் இறக்காமல் எடுக்கக்கூடியது 900 வாட்-அவர்தான். 50 கிலோவுக்கு மேல் இருந்தது 12 கிலோ அளவுக்கு வந்துவிடும். செட்டிங்கை மாற்ற மறக்காதீர்கள்: அப்சார்ப்ஷன் 14.2, ஃப்ளோட் 13.5, ஈக்வலைஸ் ஆஃப், டெம்பரேச்சர் காம்பன்சேஷன் ஆஃப். பழைய டியூபுலர் செட்டிங்கிலேயே விட்டால், ஈக்வலைஸ் வருகிற அன்று ஏதாவது ஒரு செல் எல்லை தாண்டி பிஎம்எஸ் துண்டித்துவிடும். லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி மட்டும் விலகினால், கன்ட்ரோலரின் வோல்டேஜ் ஒரு கணம் எகிறும்.

லித்தியத்தை ஆல்டர்னேட்டரோடு (இன்ஜின் ஓடும்போது சார்ஜ் தருவது) நேராக ரிலே வழியாகக் கோர்க்காதீர்கள். அது கொடுக்கிற அத்தனை ஆம்பையும் வாங்கிக்கொள்ளும்; ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் தன்னைக் குளிர்விக்க முடியாமல் வெந்துபோகும். நடுவில் ஆம்பைக் கட்டுப்படுத்த 30 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். 16 ஸ்கொயர் வயர், இரண்டு பேட்டரி பக்கமும் 60 ஆம்ப் ஃபியூஸ், இக்னிஷனில் ஆன் ஆகும்படி ஒரு சிக்னல் வயர். மழைக்காலத்தில் மதுரையிலிருந்து குற்றாலமோ ராமேஸ்வரமோ போகிற மூன்று மணி நேர ஓட்டத்தில் 90 ஆம்ப்-அவர் வந்துவிடும். பேனல் தராத நாளில் கை கொடுப்பது இதுதான்.

ஷெட்டுக் கேள்விக்கு: இரண்டு வகைக்கும் நேரெதிர் பதில். டியூபுலர் எப்போதும் நிறைந்தே இருக்க வேண்டும். சூட்டில் தானாக இறங்கும் வேகம் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஷெட்டில் 13.5 வோல்ட் ஃப்ளோட் தருகிற சின்ன மெயின்ஸ் சார்ஜர் வையுங்கள். லித்தியத்துக்கு நிறைந்து நிற்பதுதான் கேடு. சூடும் சேர்ந்தால் சீக்கிரம் கிழடாகும். 50, 60 சதவீதத்தில் நிறுத்தி, எல்லா லோடையும் ஐசொலேட்டரில் துண்டித்துவிட்டால் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். வண்டி திறந்த வெளியில் நிற்பதானால் பேனல் ஐசொலேட்டரையும் ஆஃப் செய்யுங்கள்.

ஸ்டார்ட்டிங் பேட்டரியையும் கவனியுங்கள். ஜிபிஎஸ் டிராக்கர், ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) எல்லாம் சேர்ந்து 50 மில்லிஆம்ப் என்றாலும் மாதத்துக்கு 36 ஆம்ப்-அவர். ஷெட்டில் வாரக்கணக்கில் என்றால் மைனஸ் டெர்மினலைக் கழட்டி வைப்பதே எளிது.

டங் டெஸ்டர்:

இரண்டாவது பேனலைப் பொருத்துவது பற்றி யாரும் சொல்லவில்லை.

வளைகிற மெல்லிய பேனலைக் கூரையோடு ஒட்டாதீர்கள். அடியில் காற்றே போகாது, சூட்டில் பவர் குறையும், மேல் ஷீட் கொப்பளிக்கும். கண்ணாடிப் பேனல், கூரைக்கும் அதற்கும் நடுவில் 30, 40 மில்லிமீட்டர் இடைவெளி. பேனலுக்கு ஆறு இசட் பிராக்கெட், தகரத்தில் அல்ல, உள்ளே ரிப் (கூரையைத் தாங்கும் சட்டம்) போகிற கோட்டில். எம்8 எஸ்எஸ் 304 போல்ட், நைலாக் நட், ஒவ்வொரு துளையிலும் சிக்காஃப்ளெக்ஸ் போன்ற பாலியூரிதேன் சீலன்ட். சாதாரண சிலிக்கான் ஒரு கோடையில் உரிந்துவரும். வத்தலகுண்டிலிருந்து கொடை ஏறி இறங்கின பிறகு எல்லா நட்டையும் ஒரு தடவை ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

பேனலைச் சாய்க்கத் தேவையில்லை. மதுரை 10 டிகிரி அட்சரேகைக்குள் இருக்கிறது. தட்டையாக வைத்தால் நஷ்டம் மிகக் குறைவு. நிழல்தான் எமன். உங்கள் கூரையில் ஏசி பெட்டி இருக்கும். மார்கழியில் நடுப்பகல் சூரியன் உச்சியிலிருந்து 33 டிகிரி தெற்கே நிற்கும், 25 சென்டிமீட்டர் உயரப் பெட்டி 16 சென்டிமீட்டர் நிழலை வடக்கே தள்ளும், மூன்று மணிக்கு அது இன்னும் நீளும். ஒரு பேனலில் செல்கள் இரண்டு பகுதியாகப் பைபாஸ் டயோடோடு (நிழல் விழுந்த பகுதியை விலக்கிக் கரண்டைக் கடத்துவது) இருக்கும். ஓரத்தில் ஒரு வரிசை செல் மறைந்தாலே பாதிப் பேனல் போகலாம். புரட்டாசியிலிருந்து பங்குனி வரை பேனல் இருக்கிற பக்கம் தெற்கே வருகிற மாதிரி வண்டியை நிறுத்துங்கள். சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி நடு வரை சூரியன் உச்சிக்கு வடக்கே சாயும், ஆனால் சாய்வு குறைவு.

கோடையில் புளியமர நிழலில் வண்டியை நிறுத்தத்தான் தோன்றும், அது நியாயமும்கூட. உள்ளே சூடு குறைந்தால் ஃப்ரிட்ஜும் குறைவாக ஓடும். அதற்கு 100 வாட் மடக்குப் பேனல் ஒன்று, 6 மீட்டர் வயர், தனி 10 ஆம்ப் கன்ட்ரோலர் வைத்துக்கொள்ளுங்கள். கூரை சீரிஸில் அதைச் சேர்க்கக் கூடாது, கரண்ட் பொருந்தாது. பேட்டரியில் தனியாக வந்து சேரட்டும்.

பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டர் ஆணும் பெண்ணும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். வேறு வேறு கம்பெனியும் "க்ளிக்" என்று மாட்டும், ஆனால் உள்ளே தொடுகை சரியாக இல்லாமல் சூடேறி உருகும். தனுஷ்கோடிப் பக்கம் போய் வந்தால் கூரையை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்பு போல்ட்டையும் லக்கையும் தின்னும். மேலூர் பக்கம் குவாரித் தூசி மெல்லிய படலமாக ஒட்டும். விடியற்காலையில் பனி ஈரத்தோடு மெல்லிய துணியால் துடைத்தால் கீறல் விழாது. போர்வெல் உப்புத் தண்ணீரில் கழுவி அப்படியே காய விட்டால் வெள்ளைத் திட்டு படியும். மதியச் சூட்டில் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள்.

திருநகர் வேன்:

முதலில் ஃப்ரிட்ஜ் வயரும் பேட்டரிப் பெட்டிக் குழாயும். அடுத்து ஈக்வலைஸ். அண்ணே, இப்போது இருக்கிற பேனல் வாங்கி மூன்று வருஷம். அதே மாடல் கிடைக்காவிட்டால் சீரிஸில் எதைச் சேர்க்கலாம்?

நாகமலை எலக்ட்ரீஷியன்:

வாட் பொருந்த வேண்டாம், ஆம்ப் பொருந்தணும். சீரிஸில் ரெண்டுக்கும் ஒரே கரண்ட்தான் ஓடும், குறைஞ்சதோட அளவுக்கே மத்ததும் இறங்கும். ஸ்டிக்கரில் 10.5 முதல் 11.5 ஆம்ப் வரைக்கும் எது கிடைச்சாலும் எடுத்துக்கலாம். 180 வாட்டானாலும் பரவாயில்லை, 10 ஆம்ப் இருந்தா பழைய பேனலில் ஒரு பத்தில் ஒரு பங்கு இழப்பீங்க. வீட்டுக் கூரைக்குப் போடுற 540 வாட் பேனல் 13 ஆம்ப் தரும், அதை இதோட கோத்தா அதில் வீணாவதுதான் அதிகம். இரண்டே கால் மீட்டர் நீளம் வேற, கிட்டத்தட்ட 28 கிலோ. வாங்கும்போது கடை வாசலிலேயே வெயிலில் காட்டி, மல்டிமீட்டரில் ஓப்பன் சர்க்யூட் வோல்ட்டும் டங் டெஸ்டரில் ஷார்ட் சர்க்யூட் ஆம்பும் பார்த்துட்டு வண்டியில் ஏத்துங்க.